கொழும்புக்குப் போகலாமா என்று கேட்டேன், குமட்டலைத் தந்தான்

ஈமான் கொண்ட சகோதர சகோதரிகளே, புகழ் யாருக்குச் சொந்தமோ அவனிடம் அதை முதலில் சேர்த்துவிடுகிறேன். இனி நான் சொல்லப்போவதில் எனக்கென்று பெருமைப்பட ஒன்றும் இல்லை. யாராவது சாப்பிட்டுக்கொண்டே இதை வாசிப்பதாக இருந்தால், கையைக் கழுவிவிட்டு வந்து வாசியுங்கள். இது அருவருப்பான கதை.

ஐம்பத்தைந்தாம் ஆண்டு, றஜபு மாதம் பிறப்பதற்கு முன்பு நடந்தது. நான் மருதமுனையில் தறி நெய்கிறவன். அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது, ஒரு பெண் பிள்ளைக்கு வாப்பா. அந்த வருடம் எனக்கு என் ஊரைப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பது மரியாதைக்காகச் சொல்வது. உண்மையில் ஊரைக் கண்டாலே வயிற்றைப் பிரட்டியது.

நூலுக்குப் போட்ட சோற்றுக் கஞ்சி புளித்து நாறும். தறிக் கொட்டிலுக்குப் பின்னால், கடற்கரைப் பக்கம், கருவாடு காயும். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் இரண்டில் ஒன்று மூக்கில் ஏறும். என் இடுப்புச் சாரத்தில் அந்த மணம், தலையணையில் அந்த மணம், பிள்ளையின் தலைமயிரிலும் அதே மணம். நூல் வராத நாட்களில் தறிக் குழிக்குள் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு சும்மா இருப்பேன். ஈ வந்து காலில் உட்காரும். விரட்டுவேன். திரும்பவும் உட்காரும். ஒரு மனுஷனின் வாழ்க்கை இப்படியே போய்விடுமா என்று அழுகை வரும்.

நான் பிறவியிலேயே அருவருப்புக்காரன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்னொருவர் குடித்த கோப்பையில் குடிக்க மாட்டேன். கழுவிய கோப்பையையும் மூன்று தரம் கழுவுவேன். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண் பெண்ணின் வீட்டில்தான் குடியிருப்பான். வீடு பெண்ணுக்கு அவள் உம்மா கொடுப்பது. ஆகவே நான் கோப்பை கழுவுவதை தினமும் பார்த்துக்கொண்டிருந்தவர் என் மாமி. தன் சமையலையே நான் சந்தேகப்படுவதாக நினைத்து முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர் நல்ல மனுஷி. ஆனாலும் அந்த முகம் திரும்புவதை ஏழு வருடம் பார்த்திருந்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் கொழும்பிலிருந்து மச்சானின் கடிதம் வந்தது. மச்சான் என்றால் என் மாமாவின் மகன். மருதானைப் பக்கம் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். கடையின் முன்பக்கத்தைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான சொந்தக்காரன் வேண்டும், நீ வா, முதலில் ஒரு மாதம் தனியாக இருந்து பார், பிறகு குடும்பத்தைக் கூப்பிடு, மேலே ஓர் அறை சும்மா கிடக்கிறது என்று எழுதியிருந்தார். கடிதத் தாளை மூக்கில் வைத்துப் பார்த்தேன். கருவாடு மணக்கவில்லை. உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு அன்றைக்கு அது பெரிய காரணமாக இருந்தது.

நானும் என் மனைவி சுலைஹாவும் பல நாள் இதையே கதைத்தோம். போனால் கைக்கு நிரந்தரமான வேலை. நூலை நம்பி இருக்கத் தேவையில்லை. பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடம். வருத்தம் வந்தால் பக்கத்திலேயே ஆஸ்பத்திரி. யாரும் என் கோப்பையைப் பார்க்கப் போவதில்லை. இவை என் பக்கத்துக் காரணங்கள். சுலைஹா தன் பக்கத்துக் காரணங்களைச் சொன்னாள். உம்மாவை விட்டுப் போன பெண் எங்கள் குடியில் ஒருத்தியும் இல்லை. பிள்ளைப்பேறு வந்தால் யார் இருப்பார்கள்? மாடி அறையில் நாள் முழுக்க அடைந்து கிடக்க வேண்டும். எல்லாவற்றையும்விட வீடு. அவளுடைய தங்கைக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். கொடுக்க வீடில்லாமல் அது இழுபட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் போனால் எங்கள் வீடு தங்கைக்குப் போகும். போன பிறகு திரும்பி வர இடம் இருக்காது.

மாமி என்னிடம் நேராகவே கேட்டார். தறிக் கொட்டிலின் வாசலில் வந்து நின்று, “மருமகன், நீங்க போறதெண்டா ஒரு சொல்லச் சொல்லுங்க. சின்னவட காரியத்த ஷஃபான் மாசத்துக்குள்ள முடிக்கோணும். போகல்லயெண்டா அதயும் சொல்லுங்க. நடுவுல நிண்டு எங்களயும் நிப்பாட்டிப் போடாதீங்க” என்றார். அவர் கேட்டது நியாயம்தான்.

அப்போது இஸ்திகாராத் தொழுகை தொழ நினைத்தேன். ஒரு காரியத்தில் இறங்குவதா விடுவதா என்று தெரியாதபோது இரண்டு றக்அத் தொழுது, அதற்குரிய துஆவை ஓதி, முடிவை அல்லாஹ்விடம் ஒப்படைப்பது. எனக்கு அந்த துஆ மனப்பாடம். சின்ன வயதில் ஓதப் பழகியது. அதன் கருத்து எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்ததும் இல்லை.

எங்கள் ஊரில் ஒருவன் இஸ்திகாராத் தொழுதேன் என்று சொன்னால் அடுத்த கேள்வி, “என்ன கண்ட?” என்பதுதான். வெள்ளையோ பச்சையோ கண்டால் நல்லது. கறுப்பும் சிவப்பும் கூடாது. கல்யாணம், வள்ளம் வாங்குவது, வயல் குத்தகை, எல்லாவற்றையும் இப்படித்தான் முடிவு செய்தோம். நானும் ஏழு நாள் தொழுதுவிட்டு, கனவுக்காகக் கண்ணை இறுக்கி மூடிப் படுத்தேன். உண்மையைச் சொன்னால் நான் அல்லாஹ்விடம் கேட்கவே இல்லை. கொழும்பு என்று முடிவு செய்துவிட்டு அதற்குக் கையெழுத்து வாங்கப் போயிருந்தேன்.

எனக்குக் கனவு வரப் பிந்தியது. மற்றவர்களுக்கு உடனே வந்துவிட்டது. மாமி மூன்றாம் நாளே நாங்கள் மூவரும் வெள்ளை உடுத்து ரயிலில் ஏறுவதைக் கண்டார். தங்கையோ தான் பச்சைச் சேலையில் எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்பதாகக் கண்டாள். பாவம், அவளுக்கு அந்த முற்றம் தேவைப்பட்டது. மச்சானும் ஏதோ நல்லது கண்டதாக எழுதினார். சுலைஹாவிடம் கேட்டேன். “நான் ஒண்டும் காணல்ல. நல்லாக் கிடந்து நித்திர கொண்டன்” என்றாள். கடைசியில் ஏழாம் நாள் எனக்கும் வந்தது. ஒரு மேசை, அதில் வெள்ளைத் துணி விரித்திருந்தது, துணியில் ஒரு கறைகூட இல்லை. எழும்பி உட்கார்ந்து அல்ஹம்துலில்லாஹ் என்றேன். அன்று காலையே மாமியிடம் போய், வீட்டைச் சின்னவளுக்குக் கொடுங்கள் என்று வாயால் சொன்னேன்.

தனியாகக் கொழும்புக்குப் போய் மச்சானின் கடைக்குள் காலை வைத்தபோது என் ரோமமெல்லாம் சிலிர்த்தது. முன்பக்கத்து மேசைகளில் வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். நான் கண்ட அதே துணி. கண்ணாடி அலுமாரி பளபளத்தது. மச்சான் எனக்கு இரண்டு வெள்ளைச் சட்டை வாங்கித் தந்தார். வருகிறவர்களை வரவேற்பது, எங்கே இருக்க வைப்பது என்று பார்ப்பது, பரிமாறுகிறவர்களைக் கவனிப்பது, இதுதான் வேலை. இரண்டு நாள் நான் மாப்பிள்ளை மாதிரி நின்றேன். சுலைஹாவுக்கு நீண்ட கடிதம் எழுதினேன்.

மூன்றாம் நாள் பகல் பின்பக்கம் போனேன்.

அந்தக் காலத்துக் கடைகளில் சோற்றுக்கு ஆணத்தை, அதாவது குழம்பை, தட்டில் ஊற்றுவதில்லை. சின்னக் கோப்பைகளில் தனித்தனியாக மேசையில் வைப்பார்கள். இறைச்சி ஆணம் ஒன்று, பருப்பு ஒன்று, மீன் ஒன்று. வேண்டியவர் வேண்டிய அளவு எடுப்பார். சோற்றுக்குப் பதில் பாண் ரொட்டி தின்கிறவர்கள் பாணை அந்தக் கோப்பையிலேயே தோய்ப்பார்கள். சிலர் விரலை விட்டு இறைச்சித் துண்டைத் தேடுவார்கள், நக்கிய விரலாலேயே. ஆட்கள் எழும்பிப் போன பிறகு அந்தக் கோப்பைகள் எல்லாம் பின்னால் போகும். அங்கே ஒருவன் நின்று, மீதியை ஒவ்வொன்றாகப் பெரிய சட்டிக்குள் திரும்பக் கொட்டிக்கொண்டிருந்தான். பாண் துகள் மிதந்தது. ஒரு மயிரும் மிதந்தது. அவன் அதை இரண்டு விரலால் எடுத்து சுவரில் பூசிவிட்டு, அகப்பையால் ஒரு கலக்குக் கலக்கினான். அடுப்புக்குப் பக்கத்தில்தான் கழிவுத் தண்ணீர் போகும் கான். அதில் தண்ணீர் ஓடவில்லை, கறுப்பாகத் தடித்து நின்றது. அதற்கு அந்தப் பக்கம் வாளிக் கக்கூஸ். கக்கூஸில் எழும்பிய ஈ சட்டியின் விளிம்பில் உட்கார்ந்தது.

எனக்கு ஓங்காளம் வந்து கானுக்குள்ளேயே சத்தி எடுத்தேன். அன்று காலையில் நான் தின்றதும் அந்தச் சட்டியிலிருந்துதான்.

மச்சானிடம் போய்ச் சொன்னேன். அவர் வெட்கப்படவும் இல்லை, கோபப்படவும் இல்லை. “இது கொழும்பு, மச்சான். எல்லாக் கடயிலயும் இதுதான். கொதிக்க வச்சா எல்லாம் சுத்தம். ஊர்ப் பழக்கத்த ஊரிலயே வச்சிட்டு வரோணும்” என்று சொல்லிவிட்டு, இனி யாரும் ஆணத்தைக் கானில் ஊற்றி வீணாக்காமல் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு என்றார். முன்னால் வெள்ளைச் சட்டையோடு வரவேற்க வேண்டும், பின்னால் எச்சில் வீணாகாமல் காவல் காக்க வேண்டும். அதற்குத்தான் நம்பிக்கையான சொந்தக்காரன் தேவைப்பட்டிருக்கிறான்.

அன்றைக்கே நான் புறப்பட்டிருக்க வேண்டும். புறப்படவில்லை. காரணம் அந்தக் கனவு. அல்லாஹ் காட்டிய இடம் இது, நான்தான் பொருந்திப் போக வேண்டும் என்று நினைத்தேன். வீட்டையும் கொடுத்துவிட்டேன். எந்த முகத்தோடு போய் மாமியின் முன்னால் நிற்பது? தவறு என் மூக்கில்தான், என் வயிற்றில்தான் என்று முடிவு செய்தேன். ஐந்து வேளையும் தொழுதுவிட்டு ஒரே துஆதான் கேட்டேன். யா அல்லாஹ், இந்தப் பாழாய்ப்போன அருவருப்பை என்னிடமிருந்து எடுத்துவிடு.

அது போகத் தொடங்கியது. சகோதரர்களே, என் கதையில் எனக்கு இன்றைக்கும் பயம் தருவது இந்த இடம்தான். முதல் வாரம் வெறும் பாணும் தேத்தண்ணியும்தான் இறங்கியது. இரண்டாம் வாரம் பின்பக்கம் போகும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வேன். மூன்றாம் வாரம் மூச்சைப் பிடிக்க மறந்துபோனேன். ஒரு நாள் கொட்டுகிறவனுக்குக் காய்ச்சல். ஆள் இல்லை. நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, ஒவ்வொரு கோப்பையாக எடுத்து, என் கையாலேயே சட்டிக்குள் கவிழ்த்தேன். வேலை முடிந்து கையைக் கழுவும்போதுதான் எனக்கு ஒன்றும் செய்யவில்லை என்பது தெரிந்தது. ஒரு தரம்தான் கழுவினேன். மச்சான் பார்த்துவிட்டு, “இப்பதான் நீ ஆளாகியிரிக்கிறாய்” என்று தோளில் தட்டினார். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. குடும்பத்தைக் கூப்பிடலாம் என்று அன்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து கூட்டமெல்லாம் சாப்பிட்டுக் கலைந்த நேரம், ஒரு ஆணும் பெண்ணும் கடைக்கு வந்தார்கள். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். பெண்ணின் இரண்டு கண்ணையும் சேர்த்துத் துணியால் கட்டியிருந்தது. அவர் அவளுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு, படி இருக்கு, காலைத் தூக்கு என்று சொல்லிச் சொல்லிக் கூட்டி வந்தார். அந்தப் பேச்சைக் கேட்டதுமே எங்கள் பக்கத்து ஆட்கள் என்று தெரிந்தது. நான் வாங்க என்று சொன்னதில் அவருக்கும் தெரிந்துவிட்டது. சம்மாந்துறையில் நெல் ஆலை ஒன்றில் நெல் அவிக்கிறவராம். பெண்சாதிக்குக் கண்ணில் வெட்டி ஆபரேஷன் செய்து, ஆஸ்பத்திரியிலிருந்து அன்றைக்குத்தான் விட்டிருக்கிறார்கள். காலையிலிருந்து இரண்டு பேரும் ஒன்றும் தின்னவில்லை. தெரியாத கடையில் நுழையப் பயந்து நடந்துகொண்டே இருந்திருக்கிறார்கள்.

“நம்மட ஊர்ப் புள்ள நிக்கிற கடையெண்டா வயிறு நம்பித் திங்கும்” என்றார் அவர்.

அந்தப் பெண் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். “எனக்குக் கண்ணு கட்டியிரிக்கி, மனே. நல்லது கெட்டது பாத்துத் திங்க ஏலா. நீங்க பாத்துத் தாங்க.”

பின்னால் போனேன். அடுப்பில் புதிதாக ஒரு சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. இறைச்சி வேக இன்னும் அரை மணித்தியாலம் வேண்டும். கொஞ்சம் இருங்கள் என்று சொல்லியிருந்தால் இருந்திருப்பார்கள். காலையிலிருந்து பசியோடு இருந்தவர்களுக்கு அரை மணித்தியாலம் பெரிதில்லை. ஆனால் பக்கத்தில் ஜும்ஆக் கூட்டத்தின் மீதியைக் கொட்டிய மற்றச் சட்டி இருந்தது. என் கை அகப்பையை எடுத்து அதற்குள் விட்டது. இரண்டு கோப்பை நிறைத்துக் கொண்டுபோய் வைத்தேன். அவர் சோற்றைப் பிசைந்து, அவள் கையைப் பிடித்துத் தட்டில் வைத்தார். அவள் ஒரு பிடி தின்றாள். இரண்டாம் பிடி தின்றாள்.

“ஊட்டுல ஆக்கின மாதிரி இரிக்கி” என்றாள்.

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. பின்னால் ஓடிப்போய்க் கானுக்குப் பக்கத்தில் விழுந்தேன். முதல் தரம் வந்த ஓங்காளம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. இது குடலைப் பிடுங்கியது. சட்டியை நினைத்து வரவில்லை. ஈயை நினைத்து வரவில்லை. என்னை நினைத்து வந்தது. என் கையைப் பார்த்தேன், என் வெள்ளைச் சட்டையைப் பார்த்தேன், என் வாயை நினைத்தேன். வாங்க என்று கூப்பிட்ட வாய் அது. உலகத்தில் இதைவிட ஊத்தையான ஒரு பொருள் இருக்குமா என்று தோன்றியது. நான் வாய் கழுவிவிட்டு முன்னால் வந்தபோது அவர்கள் போய்விட்டிருந்தார்கள்.

மேசையில் எனக்கு ஒரு கடிதம் கிடந்தது. பகல் தபாலில் வந்தது. சுலைஹா எழுதியது. எங்கள் பெண்கள் அரபு எழுத்தில் தமிழை எழுதுவார்கள், அப்படித்தான் எழுதியிருந்தாள். தன் வாப்பா வைத்துவிட்டுப் போன பழைய அரபுத் தமிழ்க் கிதாபில் இஸ்திகாரா துஆவுக்குக் கருத்து எழுதியிருப்பதைக் கண்டாளாம். அதை எனக்காகப் பிரதி பண்ணியிருந்தாள். யா அல்லாஹ், இந்தக் காரியம் எனக்குக் கூடாதென்று நீ அறிந்தால் இதை என்னை விட்டுத் திருப்பிவிடு, என்னையும் இதை விட்டுத் திருப்பிவிடு. நல்லது எங்கே இருந்தாலும் அதை எனக்கு ஆக்கித் தா, பிறகு அதைக் கொண்டு என் மனதைப் பொருந்த வை. கருத்து இவ்வளவுதான். அதற்குக் கீழே சுலைஹா தன் சொந்தத்தில் ஒரு வரி எழுதியிருந்தாள்.

“நான் மூணு தரம் வாசிச்சுப் பாத்தன். கனவப் பத்தி இதில ஒரு சொல்லும் இல்ல.”

அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏழு நாள் நான் என் வாயாலேயே கேட்டது இது. என்னையும் இதை விட்டுத் திருப்பிவிடு என்று கேட்டிருக்கிறேன். நான் கடைக்கு வந்த மூன்றாம் நாளே அவன் திருப்பிவிட்டான். என் வயிற்றைப் பிடித்துப் பிரட்டித் திருப்பினான். நான் என்ன செய்தேன்? அந்த அருவருப்பையே எடுத்துவிடச் சொல்லி அவனிடம் மூன்று வாரம் மன்றாடினேன். கேட்ட உதவியைக் கையில் தர, அதைத் திருப்பி எடு என்று அழுதேன். அந்த இடத்திலேயே நின்று அழுதேன். பரிமாறுகிறவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பிறகு பின்னால் போனேன். அந்தச் சட்டியை இரண்டு கையாலும் தூக்கிக் கானில் கவிழ்த்தேன். சத்தம் கேட்டு மச்சான் ஓடி வந்தார். பைத்தியமா உனக்கு என்று கேட்டார். ஓம் என்றேன். நன்றி கெட்டவன், ஊருக்குப் போய்க் கருவாட்டு நாற்றத்தில் சா என்றார். அவர் சொன்ன மற்றவற்றை எழுத மாட்டேன். சொந்தக்காரர், இப்போது மௌத்தாகிவிட்டார், அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக. வெள்ளைச் சட்டைகளைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, ஊரிலிருந்து போட்டு வந்த சட்டையோடு மட்டக்களப்பு ரயில் ஏறினேன்.

வீட்டுக்கு வந்தபோது வீடு என்னுடையதாக இல்லை. மாமி என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த துணி மூட்டையைப் பார்த்தார், விஷயம் விளங்கிவிட்டது. “நான் மாப்பிள ஊட்டாருக்குச் சொல்லிட்டன், மருமகன். குடுத்த சொல்லத் திரும்ப எடுத்தா சின்னவட வாழ்க்க போயிரும்” என்றார். எடுக்க வேண்டாம் மாமி, சொன்னது நான்தான் என்றேன். அவர் இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை. கொட்டிலில் தறியை ஓரமாகத் தள்ளினால் பாய் விரிக்க இடம் வரும், பிறகு பார்ப்போம் என்றார்.

அந்தப் ‘பிறகு பார்ப்போம்’ இரண்டு வருடம் நீண்டது. புளித்த கஞ்சி நாறிய அதே கொட்டிலில் நானும் சுலைஹாவும் பிள்ளையும் குடியிருந்தோம். மாரியில் கூரை ஒழுகியது. நாற்றம் ஒன்றும் வாசனையாக மாறிவிடவில்லை, யாரும் அப்படி நினைக்க வேண்டாம். நான் கோப்பையை மூன்று தரம்தான் கழுவினேன், இன்றைக்கும் அப்படித்தான். ஆனால் ஊரை விட்டு ஓட வேண்டும் என்ற எண்ணம் ஒரு நாளும் திரும்பி வரவில்லை. நூல் இருந்த நாள் நெய்தேன், இல்லாத நாள் பிறருடைய தறியில் நெய்தேன். பொருந்த வை என்று கேட்டதில் அந்தப் பாதியும் கிடைத்துவிட்டது என்று எனக்குத் தெரிய வெகு நாள் எடுத்தது.

ஆனால் ஒரு கடமை மீதி இருந்தது. அல்லாஹ்வுக்குச் செய்த குற்றத்தை அல்லாஹ் மன்னிப்பான். மனுஷனுக்குச் செய்ததை அந்த மனுஷன்தான் பொருந்தி மன்னிக்க வேண்டும். நோன்புப் பெருநாள் கழிந்த அடுத்த கிழமை, இரவல் சைக்கிள் ஒன்றை எடுத்துக்கொண்டு சம்மாந்துறைக்குப் போனேன். தேடிப் போன மூன்றாவது ஆலையில் அந்த நெல் அவிக்கிறவர் இருந்தார். அவித்த நெல்லைக் களத்தில் கால்களால் அளைந்து பரப்பிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. கொழும்பு ஹோட்டல் தம்பி அல்லவா, வா, இரு என்றார். நான் இருக்கவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கோப்பை, விரல், மயிர், சட்டி, கொதித்துக்கொண்டிருந்த மற்றச் சட்டி, எதையும் மறைக்கவில்லை.

அவர் கால்களை நெல்லிலிருந்து எடுத்தார். பிறகு களத்தின் ஓரத்துக்குப் போய்த் துப்பினார். மண்முட்டியிலிருந்து தண்ணீர் அள்ளி வாயைக் கொப்பளித்தார். மூன்று மாதத்துக்கு முன் தின்றதை அன்றைக்குக் கொப்பளித்தார். அந்தத் தண்ணீர் நிலத்தில் விழுந்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அது என் மேல் விழுந்தது போலத்தான் இருந்தது.

“எண்ட பங்க நான் பொருந்தினன்” என்றார் திரும்பி வந்து. “அவளுக்கு மட்டும் சொல்லிப் போடாத.”

உங்கள் பெண்சாதியிடமும் மாப்புக் கேட்க வேண்டுமே, அவருக்குக் கண் சுகமா என்று கேட்டேன்.

“ஒரு கண்ணு தெரியிது. கேளு தம்பி. அண்டைக்கு நீ பின்னுக்குப் போயிட்டாய். அவ திண்டு முடிச்சி, கையேந்தி ஒனக்குத்தான் துஆக் கேட்டா. தெரியாத ஊருல நமக்குச் சோறு தந்த புள்ள, யா அல்லாஹ், இந்தப் புள்ளய இஞ்ச வச்சிக் கெடுத்துராத, அவண்ட ஊட்டுக்குக் கொண்டுபோய்ச் சேத்துருண்டு கேட்டா. இண்டைக்கும் தொழுதிட்டு அதத்தான் கேக்கிறா.”

அவர் அதைச் சொல்லிவிட்டு நெல்லைப் பரப்பப் போய்விட்டார். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அந்த வெயிலில் நின்றேன். நான் கானுக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்த அந்த நேரத்தில், நான் வைத்த எச்சில் ஆணத்தைத் தின்ற வாயால் அந்தப் பெண் எனக்காகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

சகோதர சகோதரிகளே, நானும் துஆக் கேட்டேன், அது உண்மை. என் துஆவில் பாதி பொய், பாதி என்னவென்றே தெரியாமல் கேட்டது. ஆகவே என்னை மீட்டது எவருடைய துஆ என்று எனக்குச் சந்தேகம் இல்லை. உங்களுக்கும் போவதா இருப்பதா என்று ஒரு காரியம் வரும். கேளுங்கள், என்ன கேட்கிறோம் என்று தெரிந்து கேளுங்கள். கேட்ட பிறகு உங்கள் மனம் ஒன்றை விட்டுத் திரும்பினால், தயவுசெய்து அதை இழுத்துப் பிடித்து அங்கேயே நிறுத்தாதீர்கள். அவன் கேட்கிறவன், நம்புங்கள். அந்தப் பெண்ணுக்குக் கண் கட்டியிருந்தது. அவள் கேட்டதையும் அவன் கேட்டான்.